முள் கோத்து வரும் ரப்பர் புழுவால் பாஸ் மீன் பிடிக்கும் முறை

மீன்பிடிக் கடைகளில் பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்கும் ரப்பர் புழுக்களில் ஒரு வகை மட்டும் தூண்டில் முள்ளோடு வருகிறது. ஏறத்தாழ 6 அங்குல நீளமுள்ள புழுவின் உடலுக்குள் தூண்டில் நரம்பு ஒன்று ஓடும். அதில் இரண்டு அல்லது மூன்று சிறு முட்கள் கட்டப்பட்டு, அவற்றின் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சில புழுக்களின் தலைப்பக்கத்து நரம்பில் வண்ண மணிகளும் ஒரு சிறு உலோக விசிறியும் இருக்கும். 1949-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் மென்பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்துப் புழு செய்தார்; பின்னாளில் அவருடைய நிறுவனம் டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகருக்குப் பெயர்ந்தது. அந்நிறுவனத்தின் பழைய புழுக்கள் பலவும் இப்படி முள்ளும் மணியும் விசிறியுமாகவே விற்கப்பட்டன. இன்று போட்டிகளுக்குப் போகிறவர்கள் இதைச் சிறுவர் சாமான் என்று ஒதுக்குவது உண்டு. லார்ஜ்மவுத் பாஸ் எனப்படும் அகன்ற வாயுள்ள நன்னீர் மீனுக்கு முதன்முதலாகத் தூண்டில் போடுகிறவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பது என் எண்ணம்.

பாக்கெட்டிலிருந்து எடுத்தவுடன் புழுவை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அது நேராக இல்லாமல் சற்று வளைந்திருக்கும். உள்ளே ஓடும் நரம்பில் முட்களுக்கு இடையே உள்ள தூரம், அதே பகுதியில் புழுவின் உடல் நீளத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருப்பதால்தான் இந்த வளைவு உண்டாகிறது. நீரில் இழுக்கும்போது புழு மெல்லப் புரண்டு புரண்டு, திருகாணி போலச் சுழன்று வருவதற்கு இந்த வளைவே காரணம். ஆகவே அது ஏதோ தயாரிப்புக் குறை என்று நினைத்து முட்களைப் பிடுங்கி நேராக்கிவிடக் கூடாது. மாறாக, பாக்கெட்டில் நசுங்கி வால் மடங்கியிருந்தால் புழு தறிகெட்டுச் சுற்றும். அப்படிப்பட்டதைச் சிறிது நேரம் வெந்நீரில் போட்டு எடுத்துச் சமதளத்தில் நேராகக் கிடத்தினால் மடிப்பு பெரும்பாலும் போய்விடும்.

புழு சுழல்கிறது என்றால் அதனோடு நரம்பும் முறுக்கேறும். இதைத் தடுக்கச் சுவிவல் எனப்படும் சிறிய உருளைச் சுழலி கட்டாயம் தேவை. ரீலிலிருந்து வரும் நரம்பைச் சுவிவலின் ஒரு வளையத்தில் கட்டி, மறு வளையத்திலிருந்து ஒன்றரை அடி நரம்பு விட்டு அதன் நுனியில் புழுவை இணைக்க வேண்டும். ஐந்து காசு பெறாத சாமான் என்று நான் இதைத் தவிர்த்த ஒரு காலைப் பொழுதில், இரண்டு மணி நேரத்துக்குள் என் நரம்பு முழுவதும் பழைய டெலிபோன் வயரைப் போலச் சுருண்டு, வீசுகிற ஒவ்வொரு முறையும் ரீலின் வாயிலேயே சிக்கிக்கொண்டது. அந்த நிலை வந்துவிட்டால், புழுவைக் கழற்றிவிட்டு வெறும் நரம்பை ஓடுகிற படகுக்குப் பின்னால் நீளமாக விட்டு, பிறகு விரல்களால் அழுத்திப் பிடித்தபடி சுற்றிக்கொள்ளலாம். முறுக்கு தானாகவே அவிழும்.

புழுவுக்கு எடை மிகக் குறைவு. எனவே ஸ்பின்னிங் ரீலும் (உருளை சுழலாமல் நரம்பு மட்டும் உருவி வெளியேறும் வகை) 6 முதல் 8 பவுண்டு தாங்கும் மெல்லிய நரம்பும் பொருத்தமானவை. தடித்த நரம்பில் புழு தூரம் போகாது, போனாலும் உயிர்ப்போடு அசையாது. காற்று பலமாக அடித்தாலோ ஆழம் அதிகமாக இருந்தாலோ சுவிவலுக்கு மேலே பட்டாணி அளவைவிடச் சிறிய ஈயக்குண்டு ஒன்றைக் கவ்வவிட்டால் போதும். நிறத்தைப் பற்றி அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை: தெளிந்த நீரில் பழுப்பு அல்லது மங்கிய பச்சை, கலங்கிய நீரில் கறுப்பு அல்லது கத்தரிப்பூ நிறம்.

எங்கே வீசுவது என்பதில்தான் கவனம் வேண்டும், ஏனென்றால் இந்தப் புழுவின் முள்முனைகள் மறைக்கப்படாதவை. டெக்சாஸின் கிழக்குப் பகுதியில், 1980-இல் அணை கட்டி முடிக்கப்பட்ட லேக் ஃபோர்க் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். நீரில் மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் அங்கே இன்றும் நிற்கின்றன. பாஸ் மீன்களுக்கு அவை சொர்க்கம், திறந்த முள்ளுக்கோ மயானம். அத்தகைய இடத்தில் முள்முனையைப் புழுவின் சதைக்குள்ளேயே புதைத்துக் கட்டும் டெக்சாஸ் ரிக் முறையே சரி. முள் கோத்த புழுவை நீர்ப்பாசிப் படுகையின் வெளிவிளிம்பிலும், படகுத்துறைகளின் நிழலோரத்திலும், மணலோ சரளையோ படிந்த கரைமுனைகளிலும் பயன்படுத்துங்கள். வசந்த காலத்தில் நீரின் வெப்பம் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை ஏறும்போது பாஸ் மீன்கள் முட்டையிட ஆழமற்ற நீருக்கு வருகின்றன; கரையில் நின்றபடியே பிடிப்பதற்கு உகந்த பருவம் அது. கோடையில் விடிகாலையையும் அந்தியையும் விட்டால் கரையோரத்தில் வேலை இல்லை.

வீசிய புழு நீரில் விழுந்ததும் அது தானாக அமிழும் வரை பொறுத்திருங்கள். பிறகு ரீலின் கைப்பிடியை எவ்வளவு மெதுவாகச் சுற்ற முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சுற்றுங்கள். தரைக்கு ஒரு சாண் மேலே புழு புரண்டு வந்தால் அதுவே சரியான வேகம். கோலின் நுனியை ஆட்டுவது, வெட்டி இழுப்பது, நடுவில் துள்ளவைப்பது எதுவும் வேண்டாம். கண்மாயில் மண்புழு கோத்துத் தக்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்தப் பொறுமை எளிதாகவே வரும். செயற்கை இரையை ஓயாமல் அசைத்துப் பழகியவர்கள்தாம் தடுமாறுவார்கள்.

பாஸ் மீன் இரையைக் கடிப்பதில்லை. வாயை அகலத் திறந்து, நீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்கிறது. நரம்பில் ‘டொக்’ என்று ஓர் உணர்வு வரும்போது புழு ஏற்கெனவே அதன் வாய்க்குள் இருக்கும். டெக்சாஸ் ரிக்கில், புழுவின் சதையைக் கிழித்துக்கொண்டு முள் வெளிவர வேண்டியிருப்பதால், ஓங்கி இழுக்கிறார்கள். இங்கே அப்படிச் செய்தால் மெல்லிய நரம்பு அறுந்துபோகும், அல்லது புழு வாயிலிருந்து வெளியே பறந்துவிடும். கோலின் நுனியை மீன் இருக்கும் திசைக்குத் தாழ்த்தி, அதே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருங்கள். பாரம் கையில் தெரிந்ததும் கோலைப் பக்கவாட்டில் சீராக இழுத்தால், திறந்திருக்கும் முனைகளில் ஏதேனும் ஒன்று தானே தைத்துவிடும். நெடுநேரம் காத்திருந்தால் மீன் புழுவை விழுங்கிவிடும், பிறகு முள்ளை எடுப்பது அதற்கும் துன்பம், உங்களுக்கும் துன்பம்.

மீன் கைக்கு வந்ததும் கட்டைவிரலை அதன் கீழுதட்டின் உள்ளே வைத்துப் பிடியுங்கள். பற்கள் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக மட்டுமே இருக்கும். தைக்காத முட்கள் காற்றில் ஊசலாடும் என்பதை மறக்கக் கூடாது. மீன் ஒருமுறை உதறினால் அடுத்த முள் உங்கள் விரலில் இருக்கும். முதலில் அந்த முட்களை ஒரு கையால் அடக்கிக்கொண்டு, பிறகே நீண்ட மூக்குக் குறடால் தைத்த முள்ளை எடுங்கள். முள்முனைகளுக்கு அருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கொக்கிகளை முன்கூட்டியே குறடால் நசுக்கி வைத்தால் இருவருக்கும் நல்லது. பெரிய மீனை உதட்டை மட்டும் பிடித்துக் கிடையாகத் தூக்காமல், மறு கையால் வயிற்றைத் தாங்குங்கள். ஏரிக்கு ஏரி அளவு விதிகள் மாறும் என்பதால், எதைத் திரும்ப விட வேண்டும் என்பதை உரிமம் வாங்கும்போதே பார்த்துவிடுவது நல்லது.

வீடு திரும்பியபின் புழுக்களை அவை வந்த பாக்கெட்டிலேயே வையுங்கள். மென்பிளாஸ்டிக்கில் சேர்க்கப்படும் எண்ணெய்ப் பொருள் சில கடினப் பிளாஸ்டிக் பெட்டிகளை இளகவைத்துவிடும். வெவ்வேறு நிறப் புழுக்களை ஒன்றாகப் போட்டால் சாயம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஏறும். என் முதல் பெட்டியை ஒரு கோடை முழுவதும் கார் டிக்கியில் விட்டுவைத்தேன். திறந்தபோது ஒரு டஜன் கத்தரிப்பூ நிறப் புழுக்கள் அடித்தட்டோடு ஒட்டி ஒரே பாளமாகிக் கிடந்தன. அதிலிருந்து உருப்படியாக மீட்க முடிந்தது முட்களை மட்டும்தான்.