டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கிறப்போ கொரோனா வந்தா என்ன பண்ணணும்

மொதல்ல பதறாதீங்க, ஊசிய நீங்களா நிறுத்தவும் வேணாம் கூட்டவும் வேணாம், டாக்டருக்கு போன் போட்டு இந்த ட்ரீட்மென்ட்ல இருக்கேன்னு சொல்லிடுங்க. அமெரிக்கால செயின்ட் லூயிஸ்ல கொரோனா வந்த 723 ஆம்பளைங்கள வச்சு 2022ல வந்த ஆய்வுல, டெஸ்டோஸ்டிரோன்ங்கிற இந்த ஆம்பள ஹார்மோன் கம்மியா இருந்தவங்க ஆஸ்பத்திரில அட்மிட் ஆகுற வாய்ப்பு சுமார் 2.4 மடங்கு அதிகம், ட்ரீட்மென்ட்ல ஹார்மோன் நார்மலானவங்களுக்கு அப்படி இல்ல. அதுக்காக கொரோனா மருந்துன்னு நெனச்சு புதுசா ஊசி போட்டுக்காதீங்க, தயவுசெஞ்சு.

இந்த ஊசியால ரத்தம் கெட்டியாகலாம், அதத்தான் முக்கியமா கவனிக்கணும். பழைய பிளட் ரிப்போர்ட்ட எடுத்து ஹீமடோகிரிட்ங்கிற வரிய (ரத்தத்துல சிவப்பணு எத்தன சதவீதம்னு சொல்றது) பாருங்க, 54 சதவீதம் தாண்டியிருந்தா ஒடனே டாக்டர்ட்ட காட்டுங்க, கொரோனாவும் ரத்தத்த உறைய வைக்கும்ல. ஒரு பக்க கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ திடீர்னு மூச்சு வாங்கினாலோ ரத்தம் உறைஞ்சிருக்கலாம், விடியட்டும்னு காத்திருக்காம ஒடனே ஆஸ்பத்திரிக்கு போங்க. காய்ச்சல்ல ஹார்மோன் தானா எறங்கும், அதனால ஹார்மோன் டெஸ்ட்ட நல்லா தேறினப்புறம் காலைல 10 மணிக்குள்ள எடுங்க.