லேசர் துப்பாக்கி கவ்பாய் டெக்ஸ்ட் கேம் எழுதுறது எப்படி
ஆக்‌ஷன் வேணும்னா மொதல்ல வர்ணனைய வெட்டுங்க, செவ்வாய் கிரகத்து சலூனா இருந்தாலும் சண்டை நேரத்துல ரெண்டு வரிக்கு மேல யாரும் படிக்க மாட்டாங்க. சுடுறது, பதுங்குறது, ரோபோ குதிரைல ஏறுறது எல்லாத்துக்கும் ஒரு டர்ன் (ஆடுறவரோட ஒரு முறை) செலவாகணும், அதே டர்ன்ல எதிராளியும் ஏதாவது செய்யணும், அப்பதான் விறுவிறுப்பு. டெக்ஸ்ட் கேம் எழுதுற இலவச டூலான இன்ஃபார்ம் 7-ல இதுக்குன்னே ஒவ்வொரு டர்னுக்கும் ஓடுற 'எவ்ரி டர்ன்' ரூல் இருக்கு, கமாண்ட் டைப் பண்ற கேம்னா என் சாய்ஸ் அதுதான். லிங்க்க கிளிக் பண்ணி ஆடுற கேம் போதும்னா ட்வைன்ங்கிற டூல், அதுவும் இலவசம்தான், தோட்டா எண்ணிக்கைய ஒரு வேரியபிள்ல (மாறுற எண்ண சேமிக்கிற பெயர்) போட்டு ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒண்ணு கொறைங்க.

"அவன் கை பெல்ட்டுக்குப் போகுது, உன் துப்பாக்கில சார்ஜ் 1." இப்படி ஒரு எச்சரிக்கை குடுக்காம கேம் ஆடுறவரக் கொன்னுடாதீங்க, கடுப்பாயிடுவாங்க. ஷூட், ஃபயர், அட்டாக்னு எந்த கமாண்ட டைப் பண்ணாலும் மூணும் ஒரே வேலைய செய்யணும்.