பழைய பதில் இரண்டைக் காட்டிவிட்டுக் கேளுங்கள்

சாட்ஜிபிடியிடம் மெயில் எழுதித் தரச் சொல்வதற்கு முன், நீங்களே முன்பு எழுதிய நல்ல பதில் இரண்டை அப்படியே ஒட்டி, "இதே நடையில், இதே நீளத்தில் எழுது" என்று சொல்லுங்கள். திருத்தும் வேலை நன்றாகக் குறையும்.

முன்னால் இருக்கும் வரிகளைப் பார்த்துத்தான் சாட்ஜிபிடி அடுத்த சொல்லைத் தேர்ந்தெடுக்கிறது. "மரியாதையாக, சுருக்கமாக" என்று மட்டும் சொன்னால் ஊரெல்லாம் எழுதும் பொது மெயில்தான் வரும். புதுச்சேரியில் விருந்தினர் இல்லம் நடத்துபவர் பழைய பதிலை ஒட்டினால், "மாலை 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள், பின்தெரு வழியாக வாருங்கள்" என்று அவர் வழக்கமாகச் சேர்க்கும் வரியும் தானாக வந்துவிடும். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஆனால் வாடகை, தேதி, பில் தொகை இருக்கும் மெயிலுக்கு இதை நம்பாதீர்கள், பழைய மெயிலில் இருந்த தொகையே புதியதிலும் வந்து உட்கார்ந்துகொள்ளலாம். பிரெஞ்சில் பதில் வேண்டும், உங்களுக்கோ படிக்கத் தெரியாது என்றால் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு அனுப்புங்கள். அப்புறம், ஒட்டுவதற்கு முன் விருந்தினர் பெயர், போன் நம்பர், பாஸ்போர்ட் எண் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்.