கொலுவில் பார்க் கட்டும்போது செய்யக்கூடாத தவறுகள்

மகாளய அமாவாசைக்கு முந்தின ராத்திரி பதினோரு மணிக்கு எங்கள் வீட்டு பால்கனியில் பழனி மலை உருகியது. கொலுப்படிக்கு முன்னால் வைக்கும் குட்டி ஊர்க்காட்சியான பார்க்குக்காகத் தெர்மோகோலைச் சீவி அடுக்கி, படிக்கட்டெல்லாம் செதுக்கி வைத்திருந்தேன். பச்சை ஸ்ப்ரே பெயிண்ட் டப்பாவை அழுத்தியதும், அடித்த இடமெல்லாம் சத்தமில்லாமல் குழி விழுந்தது. இரண்டே நிமிடத்தில் எலி கடித்த அல்வா மாதிரி ஆகிவிட்டது.

காரணம் எளிது. ஸ்ப்ரே பெயிண்டில் இருக்கும் கரைப்பான் தெர்மோகோலையும் கரைத்துவிடும். தச்சர்கள் பயன்படுத்தும் நெடி அடிக்கிற மஞ்சள் கோந்தும் அதே வேலையைத்தான் செய்யும். தெர்மோகோலுக்கு வெள்ளை ஃபெவிகோலும் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்டும்தான் சரி. ஸ்ப்ரே அடித்தே தீரவேண்டும் என்றால், முதலில் ஃபெவிகோலில் பெயிண்ட் கலந்து ஒரு இடம் விடாமல் இரண்டு முறை பூசி, நன்றாகக் காயவிட்டு, ஒரு வெட்டுத் துண்டில் அடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் மலைக்கு வாருங்கள்.

ஆனால் என் உண்மையான தவறு ஸ்ப்ரே இல்லை, அந்த ராத்திரி பதினோரு மணி. பூசிக் காயவிட்டு மறுபடி பூச நேரம் இருந்திருந்தால் ஸ்ப்ரே பக்கமே போயிருக்க மாட்டேன். சென்னையில் புரட்டாசி வெயிலில் ஒரு மணி நேரத்தில் காய்கிற பூச்சு இங்கே பெங்களூரில் சாயங்காலம் வரை பிசுபிசுக்கும். இந்த ஊரில் ஆண்டிலேயே அதிக மழை கொட்டும் மாதம் செப்டம்பர், அக்டோபரும் லேசுப்பட்டதில்லை. நவராத்திரி சரியாக அதற்கு நடுவில் வருகிறது. மழை நாளில் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தால் பால் ஏடு படிந்த மாதிரி வெளுத்துப்போகும். அதனால் பெயிண்ட் வேலை எல்லாம் ஆவணியிலேயே முடிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் விநாயகர் சதுர்த்தி கொழுக்கட்டை ஆறியதும் பரணிலிருந்து பெட்டி இறங்கிவிடும்.

அடுத்தது அளவு. பார்க் பார்த்துவிட்டு வருகிறவர்கள் "ஏதோ இடிக்குதே" என்று சொன்னால் பத்துக்கு எட்டு முறை இதுதான் காரணம். கடையில் கிடைக்கும் சின்ன இரும்புக் கார்கள் பெரும்பாலும் 1:64 அளவு, அதாவது நிஜக் காரில் 64இல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் ஐந்தரை அடி மனிதர் 2.6 செ.மீ.தான் இருக்க வேண்டும். நம் கல்யாண செட் மாப்பிள்ளையோ 10 செ.மீ. நிற்கிறார். அந்தக் காரை அவர் பக்கத்தில் நிறுத்தினால், சம்பந்தி வீட்டுக் குழந்தை விட்டுவிட்டுப் போன பொம்மை மாதிரி இருக்கும்.

முதலில் முக்கியமான பொம்மையை அளந்துகொள்ளுங்கள். மனிதர் 10 செ.மீ. என்றால் அளவு ஏறக்குறைய 1:16. ஏழடிக் கதவு 13 செ.மீ., திண்ணை உயரம் இரண்டு மூன்று செ.மீ. என்று வரும். தென்னை மரத்தை மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். ஐம்பதடித் தென்னை 1:16இல் மூன்றடி உயரம் வரும், கொலுப்படியையே மறைத்துவிடும். மரங்களைக் குட்டையாகவே வைக்கலாம், கண் மன்னித்துவிடும். கையில் சின்ன அளவுப் பொருட்கள் நிறைய இருந்தால் அவற்றைப் பின்வரிசைக்கு அனுப்புங்கள், தொலைவில் இருப்பது போல ஆகிவிடும். இந்த விதியெல்லாம் பார்க்குக்கு மட்டும்தான். படியில் செட்டியாரை விடப் பிள்ளையார் நாலு மடங்கு பெரியவராக இருந்தால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை.

பழைய பொம்மையைச் சுத்தம் செய்கிறேன் என்று ஈரத்துணியை எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். பழைய மண் பொம்மைகளிலும் காகிதக்கூழ் பொம்மைகளிலும் பல, தண்ணீர் பட்டால் சாயம் விடும் வண்ணத்தில் தீட்டியவை. ஒரு துடைப்பில் அம்பாளின் புருவம் போய்விடும். காய்ந்த மெல்லிய பிரஷ் போதும். சென்னபட்டணா மர பொம்மைகளுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. இங்கிருந்து மைசூர் சாலையில் 60 கி.மீ. தூரம்தான் என்பதால் நம் எல்லோர் வீட்டிலும் நாலைந்தாவது இருக்கும். அந்தப் பளபளப்பு, கடைசல் இயந்திரத்தில் சுழலும் மரத்தின் மேல் அரக்கை அழுத்திப் பிடித்து ஏற்றுவது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். சானிடைசர் துணியால் துடைத்தால் மினுமினுப்பு அதோடு போச்சு.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பற்றிச் சுருக்கமாக: தண்ணீரில் மாவைத் தூவுங்கள், மாவில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கட்டி தட்டும். கால் மணி நேரத்தில் இறுகுவதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுங்கள். இறுகியது என்றால் காய்ந்தது என்று அர்த்தமில்லை, உள்ளே ஈரம் போக மூன்று நான்கு நாள் ஆகும். பாத்திரத்தை சிங்க்கில் கழுவினால் அடுத்து பிளம்பரைக் கூப்பிட வேண்டியதுதான். குடிசைக் கூரைக்கும் கிணற்றுக்கும் இந்த மாவே தேவையில்லை, இங்கே குயவர்கள் இருக்கும் பாட்டரி டவுனில் கிடைக்கும் அகலையும் சின்னச் சட்டியையும் கவிழ்த்தால் முடிந்தது.

இனி பச்சை. பார்க்குக்கு உயிரே இதுதான், ஏமாற்றுவதும் இதுதான். பாதிப் பேர் தனியாவைத் தூவிவிட்டுக் காத்திருப்பார்கள். அது முளைக்கவே பத்து நாள் பக்கம் ஆகும், அதற்குள் விஜயதசமி வந்துவிடும். தோல் நீக்கிய சாமை, தினை முளைக்கவே முளைக்காது. கேழ்வரகு, கடுகு, வெந்தயம் மூன்றும் நம்பகமானவை. கேழ்வரகை ராத்திரி ஊறவைத்து, ஆழமில்லாத தட்டில் இரண்டு செ.மீ. உயரத்துக்கு ஈரமான தென்னை நார்த்தூள் பரப்பி, நெருக்கமாகத் தூவி, இரண்டு நாள் காகிதத்தால் மூடி வையுங்கள். முளை தெரிந்ததும் மூடியை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு முளைப்பாரியே சாட்சி. இருட்டில் வளர்வதால்தான் அது அவ்வளவு உயரமாக, அந்த மஞ்சள் நிறத்தில் இருக்கிறது. அம்மன் கோயிலுக்கு அது அழகு, பார்க்கில் வைத்தால் புல் காய்ந்துபோன மாதிரி தெரியும்.

தண்ணீரைக் குவளையால் ஊற்றாதீர்கள். விதை ஒரு மூலையில் குவிந்து பஞ்சு மாதிரி பூஞ்சை பிடிக்கும். ஸ்ப்ரே பாட்டிலால் காலை, மாலை தூவினால் போதும். ஒரு வாரத்தில் புல் இரண்டு அங்குலம் வரும், அதுதான் பார்க்க லட்சணமான உயரம். சரஸ்வதி பூஜைக்குள் அதுவே தலை சாய்ந்து, பழுத்து, படுத்துவிடும். அதனால் அமாவாசைக்கு ஆறு நாள் முன்னால் ஒரு தட்டு, கொலு வைக்கிற அன்று இன்னொரு தட்டு என்று விதையுங்கள். ஏழாம் நாள் மாற்றி வைத்தால் வருகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஹால் மூலையில் வெளிச்சம் போதாவிட்டால் காலையில் தட்டை பால்கனிக்கு எடுத்துப் போய், மாமிகள் தாம்பூலத்துக்கு வருமுன் உள்ளே கொண்டுவந்துவிடலாம்.

தெப்பக்குளத்தில் நிஜத் தண்ணீர் விடும் ஆசை எனக்கும் இருந்தது. கொசு முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும், கொலுவும் அதே அளவு நாள்தான். மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே டெங்குவை வளர்ப்பானேன்? பழைய கண்ணாடித் துண்டைப் பதித்து, ஓரத்தில் மணல் தூவினால் போதும், எல்.ஈ.டி. வெளிச்சமும் அதில் விழுந்து அழகாக இருக்கும். தண்ணீர்தான் வேண்டும் என்றால் தினமும் மாற்றுங்கள், சீரியல் செட் ஒயரை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

கடைசித் தவறு கொலு முடிந்த மறுநாள் நடப்பது. களைப்பில் எல்லாவற்றையும் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் திணித்துவிடுவோம். பொம்மையின் ஈரம் போக ஓரிரண்டு நாள் திறந்தே இருக்கட்டும். அப்புறம் முதலில் பழைய வேட்டித் துணி, அதற்கு மேல்தான் காகிதம். எங்கள் வீட்டு நந்திக்கு நான் கடைசி நேரத்தில் வார்னிஷ் அடித்திருந்தேன், தொட்டால் ஒட்டாத மாதிரிதான் இருந்தது. அடுத்த வருஷம் காகிதத்தைப் பிரித்தபோது அதன் இடது விலாவில் அன்றைய தங்கம் விலை நிலவரம் இடவலம் மாறி அச்சாகியிருந்தது. இப்போது அந்தப் பக்கம் சுவரைப் பார்க்கும்படிதான் வைக்கிறேன். ஆனாலும் யாராவது ஒரு மாமி எட்டிப் பார்த்து, எப்படியோ எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "அப்போ கிராம் எவ்வளவு மலிவு பாரேன்" என்று பெருமூச்சு விடுகிறார்.