மனிதச் சாயலில் விலங்குகளை வரையும்போது எங்கே தவறுகிறோம்?

இரண்டு காலில் நிற்கும், பேசும், சட்டை போட்டுக்கொள்ளும் விலங்குக் கதாபாத்திரங்களை வரையத் தொடங்கும் பலர் முதலில் ஒரு மனித உடலைத்தான் வரைகிறார்கள். கழுத்துக்கு மேலே நரியின் தலையை வைத்து, பின்னால் ஒரு வாலை ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பார்க்கிறவருக்கு அது நரியாகத் தெரியாது, நரி முகமூடி மாட்டிய ஆளாகத்தான் தெரியும். முகத்தை எவ்வளவு நுணுக்கமாகத் தீட்டினாலும் அந்தக் குறை போகாது. தோளிலும் இடுப்பிலும் கையிலும் நரி இல்லையே!

ஜெர்மனியில் ஹோலன்ஸ்டைன்-ஸ்டாடல் என்ற குகையில் 1939-இல் துண்டு துண்டாகக் கிடைத்து, பிறகு ஒட்டிச் சேர்க்கப்பட்ட சிங்க மனிதச் சிற்பத்தின் படத்தைத் தேடிப் பாருங்கள். மாமூத் யானையின் தந்தத்தில் செதுக்கியது, உயரம் 31 சென்டிமீட்டர் அளவு, வயது சுமார் 40,000 ஆண்டுகள். தலை சிங்கம், நிற்பது மனிதனைப் போல. ஆனால் உடம்பு நீண்டு மெலிந்து பூனை இனத்துக்கே உரியதாக இருக்கிறது, தோள்களில் சிங்கத்தின் வலு தெரிகிறது. செதுக்கிய கை சிங்கத்தை உடம்பு முழுக்க யோசித்திருக்கிறது. இந்தக் கலையில் நடக்கும் பெரும்பாலான தவறுகள், அப்படி யோசிக்காமல் விலங்கைத் தலையளவில் மட்டும் தெரிந்துவைத்திருப்பதால் வருகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

அதனால் பென்சிலை எடுக்கும் முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: இதில் எவ்வளவு விலங்கு, எவ்வளவு மனிதன்? நான்கு காலில் நடந்து, முகத்தில் மட்டும் மனித உணர்ச்சி காட்டும் விலங்காகவும் இருக்கலாம். நிமிர்ந்து நின்று, உடுத்திக்கொண்டு, வேலைக்குப் போகும் விலங்காகவும் இருக்கலாம். இரண்டுக்கும் நடுவே எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், எதுவும் தவறில்லை. ஒரு படத்தில் இந்த அளவும் அடுத்த படத்தில் வேறு அளவுமாக அலைவதுதான் தவறு. ஒரே கதையில் வரும் மற்ற விலங்குகளுக்கும் இதே அளவுதான் பொருந்த வேண்டும்.

கால்கள்: அதிகம் தவறுவது இங்கேதான்

நாய், பூனை, நரி இவற்றின் பின்னங்காலில் ஒரு மூட்டு பின்பக்கமாகத் துருத்திக்கொண்டிருக்கும். அதை முழங்கால் என்று நினைத்து, 'இவற்றுக்கு முழங்கால் பின்பக்கம் மடங்கும்' என்று பலர் வரைகிறார்கள். அது முழங்கால் அல்ல, குதிகால். இந்த விலங்குகள் விரல்களை மட்டும் ஊன்றி நடக்கின்றன, குதிகால் தரையில் படுவதில்லை. உண்மையான முழங்கால் அதற்கு மேலே, வயிற்றை ஒட்டி, ரோமத்துக்குள் பாதி மறைந்து, நம்முடையதைப் போலவே முன்பக்கம் பார்த்து இருக்கிறது. எழுந்து நின்று, குதிகாலைத் தூக்கி விரல்களில் நில்லுங்கள். அப்படியே முழங்காலைக் கொஞ்சம் மடக்குங்கள். நரியின் கால் இதுதான்.

தொடை, கெண்டைக்கால், பாதம் என்று நமக்கும் நரிக்கும் மூன்றே பகுதிகள்தான். நீள விகிதம்தான் மாறுகிறது: நரிக்குப் பாதம் நீளம், தொடை குட்டை. இது பிடிபடாதவர்கள் மனிதத் தொடையை நீளமாக இறக்கி, அதன் கீழ் ஒரு முழங்காலை வைத்து, அதற்கும் கீழே பின்னோக்கிய இன்னொரு மூட்டை வைத்துவிடுகிறார்கள். காலில் ஒரு எலும்பு கூடிப்போகிறது. கோடு போடும் முன் இடுப்பு, முழங்கால், குதிகால், விரல் என நான்கு புள்ளிகள் வையுங்கள். இடுப்பிலிருந்து முழங்கால் முன்னே வரட்டும், முழங்காலிலிருந்து குதிகால் பின்னே போகட்டும், அங்கிருந்து விரல்கள் மறுபடி முன்னே வந்து தரையைத் தொடட்டும். அப்புறம் தலையிலிருந்து நேர்கீழாக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். விரல்கள் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இல்லையென்றால் உங்கள் நரி விழப்போகிறது என்று பொருள்.

கரடி நம்மைப் போல முழுப் பாதத்தையும் ஊன்றும். அதை நிற்கவைப்பது எளிதாக இருப்பது அதனால்தான். குதிரை நிற்பது ஒற்றை விரலின் நகத்தில், அந்த நகம்தான் குளம்பு. ஆட்டுக்கும் மாட்டுக்கும் அப்படி இரண்டு விரல்கள். பறவையின் காலிலும் பின்பக்கம் மடங்குவது போலத் தெரிவது கணுக்கால்தான், முழங்கால் இறகுகளுக்குள் ஒளிந்திருக்கிறது.

சரி, எல்லாருக்கும் இந்தக் கால்தான் போட வேண்டுமா? அவசியமில்லை. ஷூவும் கால்சட்டையும் போடும் எளிய கார்ட்டூன் பாணி என்றால் மனிதக் கால் போதும். எலும்பு தெரிந்து எளிமையாக்கிய கால் உறுதியாக நிற்கும். தெரியாமல் வரைந்த கால் தள்ளாடும், காரணம் சொல்லத் தெரியாத வாசகரும் அதை உணர்ந்துவிடுவார்.

முகம்

விலங்கின் மூஞ்சி முன்னால் நீண்ட ஒரு கனவடிவம். பக்கவாட்டில் வரையும்போது எல்லாருக்கும் சரியாக வருகிறது. நேராகத் திருப்பினால்தான் சிக்கல்: உருண்டைத் தலையின் நடுவில் மூக்கையும் வாயையும் ஸ்டிக்கர் போல ஒட்டிவிடுகிறோம். தலையை ஒரு பந்தாக வரைந்து, அதன் முன்னால் ஒரு சின்னப் பெட்டியைச் செருகியதாக நினைத்துத் தொடங்குங்கள். முக்கால்வாசி திரும்பிய கோணத்தில் அந்தப் பெட்டியின் மேல்தளம் அந்தப் பக்கக் கன்னத்தையும் கண்ணின் ஒரு பகுதியையும் மறைக்கும். அதை மறைக்க மனம் வராமல் இரண்டு கண்ணையும் முழுதாகக் காட்டினால் முகம் தட்டையாகிவிடும்.

வாயையும் மனித அளவில், மூஞ்சியின் நுனியில் வைத்துவிடுகிறார்கள். நாயின் வாய் பக்கவாட்டில் வெகுதூரம் பின்னே போகிறது, கிட்டத்தட்ட கண்ணுக்குக் கீழே வரைக்கும். அதன் சிரிப்பு விரிவது அங்கேதான், நேர்ப்பார்வையில் கொஞ்சம்தான் தெரியும்.

கண்ணைப் பொறுத்தவரை, வேட்டையாடும் விலங்குகளுக்குப் பெரும்பாலும் முன்னோக்கியும் இரையாகும் விலங்குகளுக்குப் பக்கவாட்டிலும் இருக்கும். முயல் தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றி ஏறக்குறைய முழு வட்டத்தையும் பார்க்கும், மூக்குக்கு நேர் முன்னால் இருப்பதுதான் அதற்குத் தெரியாது. முயலின் இரண்டு கண்களையும் மனிதனைப் போல நெருக்கி முன்னால் கொண்டுவந்தால் அது முயலாக இருப்பதையே விட்டுவிடுகிறது. உணர்ச்சி காட்டுவதற்காகச் சற்று முன்னால் இழுக்கலாம், சற்றுத்தான். கண்பாவையிலும் கவனம் வேண்டும். வீட்டுப் பூனைக்கும் நரிக்கும் செங்குத்துக் கீற்று. நாய், ஓநாய், சிங்கம், புலி இவற்றுக்கு வட்டம். ஆட்டுக்கும் குதிரைக்கும் படுக்கை வாட்டம். ஆந்தையால் கண்ணை உருட்டவே முடியாது, அதற்குப் பதில் கழுத்தைச் சுமார் 270 டிகிரி வரை திருப்பும். ஓரக்கண்ணால் பார்க்கும் ஆந்தையைவிட, உடம்பை அசைக்காமல் தலையை மட்டும் முழுக்கத் திருப்பிப் பார்க்கும் ஆந்தை எவ்வளவு உயிரோடு இருக்கும் என்று ஒருமுறை வரைந்தே பாருங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது உணர்ச்சி விஷயத்தில் நடக்கும் தவறு. கோபமா, புருவத்தை நெரி. சோகமா, புருவத்தைத் தூக்கு. எந்த விலங்காக இருந்தாலும் மனிதப் புருவத்தை ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். விலங்குகளுக்கென்று சொந்த மொழி இருக்கிறது. கோபம் வந்த குதிரை இரண்டு காதையும் பின்னால் ஒட்ட மடக்கும். பயந்த பூனையின் காதுகள் பக்கவாட்டில் தட்டையாகும். வாலை நிமிர்த்திக்கொண்டு வரும் பூனை உங்களைப் பார்த்து மகிழ்கிறது, வாலை விசிறி விசிறி அடிக்கும் பூனை எரிச்சலில் இருக்கிறது. வாலாட்டினால் சந்தோஷம் என்ற நாயின் கணக்கைப் பூனைக்குப் போட்டால் உணர்ச்சி தலைகீழாகிவிடும். சிம்பன்சி பல்லை இளிப்பது பெரும்பாலும் பயத்தினால்.

நாய்க்குப் புருவத்தின் உட்புறத்தை உயர்த்தும் தசை நன்றாகவே இருக்கிறது, ஓநாய்க்கு அது பெரும்பாலும் மெல்லிய இழைகளாகத்தான் இருக்கிறது என்று 2019-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதனால் கெஞ்சும் முகம் நாய்க்கு இயல்பாகப் பொருந்தும். ஓநாயின் சோகத்தைக் காதுகளிலும் தாழ்ந்த தலையிலும் காட்டிப் பாருங்கள், புருவமே தேவைப்படாது. மனித முகபாவத்தைக் கைவிடச் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்தால்தான் வாசகர் உடனே புரிந்துகொள்ளவும் செய்வார், இது இன்ன விலங்கு என்று நம்பவும் செய்வார்.

பெரிய தலை, பெரிய கண், உப்பிய கன்னம் இருந்தால் நமக்கு வாஞ்சை பிறக்கிறது என்று விலங்கு நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ் 1943-இலேயே விளக்கிவிட்டார். அந்த வழி எளிது என்பதால் கதையில் வரும் தாத்தா ஆமை, முரட்டுக் காளை, குட்டி அணில் எல்லாருக்கும் அதே குழந்தை முகத்தைக் கொடுத்தால் ஒருவரை ஒருவரிடமிருந்து பிரித்துக்காட்ட நிறம் மட்டும்தான் மிஞ்சும். நிறத்தையும் எடுத்துவிட்டு, ஒவ்வொருவரையும் முழுக் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். வெறும் நிழலுருவத்திலேயே யார் யார் என்று தெரிய வேண்டும்.

கை, வால், உடை

ஆடு பென்சில் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். திடீரென்று ஐந்து மனித விரல்களைக் கொடுத்துவிட்டால் அதுவரை வரைந்த ஆடு காணாமல் போகும். அதற்கு இரண்டு குளம்பு விரல்கள் இருக்கின்றன, அவற்றுக்கு நடுவே பென்சிலைச் செருகலாம். குதிரைக்கு அந்த வசதி இல்லை. அதற்கு மூன்று தடித்த விரல்களைக் கொடுத்து, ஒவ்வொரு நுனியிலும் குளம்பு போன்ற கறுத்த நகத்தை வைக்கலாம். பூனைக்கு நகம் உள்ளிழுத்துக்கொள்ளும், நாய்க்கு எப்போதும் வெளியே தெரியும். பறவைக்குச் சிறகே கை. நுனி இறகுகளை விரல் போல மடக்கிப் பொருளைப் பிடிக்க வைப்பது பழைய உத்திதான், இன்னும் நன்றாகவே வேலை செய்கிறது. சிறகோடு தனியாகக் கைகளும் வேண்டும் என்றால், முதுகில் அந்தச் சிறகுக்கான தோளும் தசையும் எங்கே இருக்கின்றன என்று காட்டியாக வேண்டும்.

வால் முதுகெலும்பின் தொடர்ச்சி. அது தொடங்குவது புட்டத்துக்குச் சற்று மேலே. முதுகின் நடுவிலிருந்தோ, கால்சட்டையின் தையலிலிருந்தோ முளைக்கக் கூடாது. உடையின் இடுப்புப்பட்டி வாலுக்குக் கீழே போகிறதா, வாலுக்கென்று ஒரு துளையும் பொத்தானும் இருக்கிறதா என்று முடிவு செய்யுங்கள். நாற்காலியில் உட்காரும்போது வால் எங்கே போகும் என்பதையும் யோசியுங்கள். முதலை, கங்காரு போன்றவற்றின் கனத்த வால் உடலின் சமநிலையையே மாற்றும். கங்காரு மெதுவாக நகரும்போது வாலை ஊன்றி ஐந்தாவது கால் போலவே பயன்படுத்துகிறது. அப்படிப்பட்ட உடம்பை மனிதனைப் போல நட்டமாக நிறுத்தாமல் சற்று முன்னால் சாய்த்து வரையுங்கள்.

மூக்குக்கண்ணாடியும் அடிக்கடி காலை வாருகிறது. காது தலை உச்சியில் இருக்கும்போது கண்ணாடியின் கம்பி எதில் மாட்டும்? தலைக்குப் பின்னால் ஒரு பட்டை போடலாம், மூக்கின் மேலேயே பொருத்தலாம். எதையும் செய்யாமல் கம்பியை ரோமத்துக்குள் மறைத்துவிட்டால் வாசகர் கண் அங்கேதான் போய் நிற்கும். கம்பியை மாட்டுவதற்காக மனிதக் காதுகளையும் சேர்த்து நான்கு காதுகளோடு வரைவது அதைவிட மோசம்.

பெண் என்றால் இமைமயிரா?

பெண் கதாபாத்திரம் என்றதும் இமைமயிரை நீட்டி, உதட்டைச் சிவப்பாக்கி, மார்பு வைப்பது வழக்கமாகிவிட்டது. பல்லிக்கும் கிளிக்கும்கூட! ஊர்வனவற்றுக்கும் பறவைகளுக்கும் பால் சுரப்பிகளே கிடையாது. பல இனங்களில் ஆணையும் பெண்ணையும் பார்த்துப் பிரிக்கவே முடியாது. வேட்டைப் பறவைகளில் பெரும்பாலும் பெண்தான் பெரியது. புள்ளிக் கழுதைப்புலிகளில் பெண்கள் ஆண்களைவிடப் பெரியவை, கூட்டத்தை நடத்துவதும் அவைதான். கதைக்கு இவ்வளவு நல்ல தீனி இயற்கையிலேயே கிடக்கும்போது லிப்ஸ்டிக் எதற்கு? நிற்கும் விதம், நடை, உடை, குரல் இவற்றால் ஆளைக் காட்டலாம்.

குணத்துக்கும் இதையேதான் சொல்வேன். நரி என்றால் தந்திரம், ஆடு என்றால் அப்பாவி, ஆந்தை என்றால் ஞானி. வாசகர் உங்களுக்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்திருப்பார். இனத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் ஆளைத் தேர்ந்தெடுங்கள்: அவருக்கு எதில் பயம், எதற்காகப் பொய் சொல்வார், கூட்டத்தில் எங்கே நிற்பார்? அப்புறம் எந்த விலங்கின் உண்மையான பழக்கம் அதோடு ஒத்துப்போகிறது என்று தேடுங்கள்.

ரோமமும் புள்ளிகளும்

ரோமத்தை ஒவ்வொரு மயிராக வரைய வேண்டாம். கன்னம், முழங்கை, மார்பு, வால்நுனி என்று ஓரங்களில் சில கூரிய வளைவுகள் வைத்தால் மீதியைக் கண் தானே நிரப்பிக்கொள்ளும். ரோமம் படிந்திருக்கும் திசை மட்டும் முக்கியம். முகத்தில் அது மூக்கிலிருந்து பின்னோக்கிப் படியும்.

புள்ளிகளில் இனம் மாறிப்போவது சாதாரணமாக நடக்கிறது. சிறுத்தைக்கு (leopard) இருப்பது ரோஜாப்பூ போன்ற வளையங்கள். ஜாகுவாருக்கும் வளையங்கள்தான், ஆனால் பலவற்றின் உள்ளே சிறு புள்ளிகள் இருக்கும். சிவிங்கிப்புலிக்கு (cheetah) நிறைந்த கறுப்புப் புள்ளிகள், அதோடு கண்ணிலிருந்து வாய் வரை இறங்கும் கறுப்புக் கோடு. அந்தக் கோட்டைச் சிறுத்தைக்குப் போட்ட படங்கள் ஏராளம். வரிகளும் புள்ளிகளும் உடம்பின் வளைவோடு சேர்ந்து வளைய வேண்டும். தட்டையாகப் படிந்தால் கையும் காலும் அட்டையில் வெட்டியது போல ஆகிவிடும்.

தொடர்கதைக்கோ அனிமேஷனுக்கோ என்றால் இதே உருவத்தை நூற்றுக்கணக்கான முறை வரைய வேண்டியிருக்கும். முதல் படத்தின் உற்சாகத்தில் அறுபது புள்ளிகள் வைத்தால் இருபதாவது படத்தில் அவை இஷ்டத்துக்கு இடம் மாறியிருக்கும். தோளில் மூன்று, தொடையில் நான்கு, நெற்றியில் ஒன்று என்று எண்ணி நினைவில் வைக்கக்கூடிய அளவுக்குக் குறைத்துவிடுங்கள். பிறகு ஒரு மாதிரித் தாள் தயார் செய்யுங்கள். முன்புறம், பக்கவாட்டு, பின்புறம், முக்கால்வாசி கோணம் நான்கும் அதில் இருக்கட்டும். காது நிமிர்ந்தும் தாழ்ந்தும் மடங்கியும், வாய் மூடியும் திறந்தும், உட்கார்ந்த நிலையில் வால் கிடக்கும் இடமும் வேண்டும். பக்கத்தில் மற்ற கதாபாத்திரங்களின் உயரத்தைக் கோடாகப் போட்டு வையுங்கள். எலியும் யானையும் ஒரே அறையில் பேசும் காட்சி வரும்போது, கதவின் கைப்பிடி யாருக்கு எட்டும் என்பதை அந்தக் கோட்டைப் பார்த்தே முடிவு செய்துவிடலாம்.