நடுவில் பெருத்துவிடும் எண்கள்: அணிப் புதிர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் அணியில், அதாவது நிரலில் வரிசையாக அடுக்கி வைத்த எண்களின் பட்டியலில், 50,000 எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 1 முதல் 10 வரையிலான சிறிய எண். ஒரே மதிப்பு கொண்ட இணைகள் அதில் எத்தனை என்று எண்ணிச் சொல்ல வேண்டும். எல்லா எண்களும் 1 ஆகவே அமைந்துவிட்டால் விடை 1,24,99,75,000. 32 பிட் முழு எண்ணின் உச்ச வரம்பு 2,14,74,83,647 என்பதால் விடை அதற்குள் அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டு, எல்லா மாறிகளையும் ‘இன்ட்’ என்ற 32 பிட் வகையாகவே அறிவித்து, ந × (ந − 1) / 2 என்ற பழகிய சூத்திரத்தை ஜாவா நிரல்மொழியில் எழுதினால், −89,75,08,648 என்ற எண் திரையில் வந்து நிற்கும். உள்ளே வந்த எண்கள் சிறியவை. வெளியே போக வேண்டிய விடையும் வரம்புக்குள்தான் இருக்கிறது. இரண்டால் வகுப்பதற்கு முன் ஒரு கணம் மட்டும் தோன்றி மறைகிற 2,49,99,50,000 என்ற பெருக்கற்பலன்தான் வரம்பைத் தாண்டியிருக்கிறது.

அணிகளையும் மிகப் பெரிய எண்களையும் சேர்த்துக் கேட்கும் புதிர்களில் நான் பிறரிடம் பார்த்தவையும் நானே செய்தவையுமான தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே இடத்திலிருந்துதான் கிளைக்கின்றன. உள்ளீட்டின் வரம்பைப் படிக்கிறோம், விடையின் வரம்பை ஊகிக்கிறோம், ஆனால் கணக்கின் நடுவில் பிறக்கும் எண் எவ்வளவு பெரிதாகும் என்பதைக் கேட்பதில்லை. ஆகவே நிரலை எழுதத் தொடங்கும் முன், புதிரில் தரப்பட்ட உச்ச மதிப்புகளைத் தாளில் வைத்து, ஒவ்வொரு கூட்டலும் பெருக்கலும் எட்டக்கூடிய மிகப் பெரிய அளவை ஒரு முறை எழுதிப் பார்ப்பது நல்லது. இரண்டு லட்சம் எண்கள், ஒவ்வொன்றும் 10^9 வரை என்றால் மொத்தக் கூட்டுத்தொகை 2 × 10^14 வரை போகும் என்பது அரை நிமிடக் கணக்கு. அதைச் செய்யாமல் விட்டதற்காக இரண்டு மணி நேரம் பிழை தேடியிருக்கிறேன்.

விடையை வைக்கும் மாறியை மட்டும் 64 பிட் வகையாக மாற்றிவிட்டு, பிழை தீர்ந்தது என்று நினைத்துக்கொள்வது அடுத்த தவறு. சி++, ஜாவா ஆகிய இரண்டிலுமே சமக்குறியின் வலப்பக்கம் முதலில் தனியாகக் கணக்கிடப்படுகிறது. இடப்பக்கத்தில் எவ்வளவு பெரிய பாத்திரம் காத்திருக்கிறது என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது. 1,00,000 என்ற மதிப்புள்ள இரண்டு 32 பிட் மாறிகளைப் பெருக்கி ‘லாங்’ என்ற 64 பிட் வகை மாறியில் வைத்தால், ஜாவாவில் 10^10 வராது, 1,41,00,65,408 வரும். இந்த எண்ணின் ஆபத்து, அது எதிர்மறையாக இல்லாததுதான். கழித்தல் குறியோடு வந்திருந்தால் உடனே சந்தேகம் எழுந்திருக்கும். இதுவோ சாதுவான ஒரு விடையைப் போல உட்கார்ந்திருக்கிறது. பெருக்குவதற்கு முன்பே ஒரு காரணியையாவது 64 பிட் வகைக்கு மாற்றிவிட வேண்டும். சி++ மொழியில் நிலைமை இன்னும் மோசம்: குறியுள்ள முழு எண்ணில் நிகழும் ஓவர்ஃப்ளோவுக்கு, அதாவது வரம்பு தாண்டலுக்கு, அந்த மொழியின் தரநிலை எந்த விளைவையும் வரையறுக்கவில்லை என்பதால், ‘கூட்டுத்தொகை குறைந்துவிட்டால் வரம்பு தாண்டிவிட்டது என்று பொருள்’ என நீங்கள் எழுதும் சோதனையையே, நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலர் தேவையற்றதென்று நீக்கிவிடக்கூடும். இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பொறி, சி++ நூலகத்தில் அணியின் உறுப்புகளைக் கூட்டித் தரும் ‘அக்யூமுலேட்’ செயற்கூறு. அணியின் உறுப்புகள் 64 பிட் எண்களாகவே இருந்தாலும், தொடக்க மதிப்பாக வெறும் 0 என்று கொடுத்தால், அந்த 0 ஓர் ‘இன்ட்’ என்பதால் மொத்தக் கூட்டலும் 32 பிட்டிலேயே நடக்கும்.

பெரிய எண் என்றாலே உறுப்பின் மதிப்பைத்தான் நினைக்கிறோம். உறுப்பின் இடத்தைக் குறிக்கும் சுட்டெண்ணும் ஓர் எண்தான் என்பது மறந்துவிடுகிறது. வரிசைப்படுத்திய அணியை ஒவ்வோர் அடியிலும் பாதியாகக் குறைத்துத் தேடும் இருமத் தேடலில் நடுப்புள்ளியைக் காணத் தொடக்கத்தையும் முடிவையும் கூட்டி இரண்டால் வகுப்பது எல்லோருக்கும் கைவந்த வரி. ஜாவா நூலகத்தில் தாம் எழுதிய இருமத் தேடலில் இந்த வரியே பிழையாக இருந்ததை ஜோஷுவா பிளாக் 2006-இல் வெளிப்படையாக எழுதினார். அணியின் நீளம் 2^30-ஐ, அதாவது சுமார் 107 கோடியை, எட்டும்போது அந்தக் கூட்டல் வரம்பு தாண்டி எதிர்மறைச் சுட்டெண்ணைத் தந்துவிடும். அது சுமார் 9 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் அங்கேயே இருந்தது. தொடக்கம் + (முடிவு − தொடக்கம்) / 2 என்று எழுதினால் நடுவில் பெரிய எண் பிறப்பதே இல்லை. போட்டிப் புதிர்களில் அவ்வளவு நீளமான அணி வராதே என்று கேட்கலாம். வராதுதான், ஆனால் ‘விடையின் மீதே இருமத் தேடல்’ செய்யும் புதிர்களில் தேடும் எல்லை 10^18-ஐயும் தாண்டக்கூடும், அங்கே இந்த வரி காலை வாரக்கூடும். முடிவு எல்லையை 64 பிட்டின் உச்சத்திலேயே வைத்துவிட்டால், முதல் அடியில் தேடல் மேல்பாதிக்கு நகர்ந்தாலே அடுத்த கூட்டல் வழிந்துவிடும்.

ஒப்பிடுவதற்காகக் கழிப்பதும் அப்படித்தான். வரிசைப்படுத்தும் செயற்கூறுக்கு ‘முதல் எண் − இரண்டாம் எண்’ என்று சுருக்கமாக எழுதிக் கொடுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. 200 கோடியிலிருந்து −200 கோடியைக் கழித்தால் 400 கோடி வர வேண்டும். 32 பிட்டில் −29,49,67,296 வருகிறது, பெரிய எண் சிறிய எண்ணுக்கு முன்னால் போய் நிற்கிறது. மிகச் சிறிய மதிப்பைத் தேடும் கணக்குகளில் ‘முடிவிலி’ என்று வைத்துக்கொள்ளும் உச்ச மதிப்போடு எதையாவது கூட்டினாலும் இதே கதைதான்: முடிவிலி ஒரே தாவலில் மிகச் சிறிய எண்ணாகிவிடும். சி++ மொழியில் அணியைப் போன்ற வெக்டர் ஒன்று வெறுமையாக இருக்கும்போது அதன் அளவிலிருந்து 1-ஐக் கழித்தால், குறியற்ற வகை என்பதால், 64 பிட் கணினியில் −1 வராது. 18446744073709551615 வரும், மடக்கு (லூப்) அவ்வளவு தூரம் ஓட முயலும். எல்லா உறுப்புகளும் எதிர்மறையாக இருக்கும் அணியில் மிகப் பெரிய துணையணித் தொகையை, அதாவது அடுத்தடுத்து நிற்கும் உறுப்புகளின் மிகப் பெரிய கூட்டுத்தொகையைத் தேடும்போது, தொடக்க மதிப்பை 0 என்று வைத்தால் விடையும் தவறாக 0 ஆகவே நின்றுவிடும். முதல் உறுப்பையே தொடக்கமாக வைத்தால் போதும்.

மீதியின் பொறிகள்

விடை மிகப் பெரிதாக இருக்கும் என்பதால் அதை 10^9 + 7 ஆல் வகுத்து வரும் மீதியைத் தருக என்று புதிர் சொல்லும்போது, பெரிய எண்ணின் தொல்லை விட்டது என்று ஓர் ஆறுதல் தோன்றும். உண்மையில் தொல்லை வேறு வடிவம் எடுக்கிறது. அந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு: அது ஒரு பகா எண், அதோடு, அதைவிடச் சிறிய இரண்டு மீதிகளைப் பெருக்கினால் 10^18-க்குச் சற்று மேலேதான் போகும், 64 பிட் குறியுள்ள எண்ணோ 9.22 × 10^18 வரை தாங்கும். ஆக இரண்டு காரணிகளுக்கு இடம் உண்டு, மூன்றுக்கு இல்லை. மூன்று மதிப்புகளை ஒரே வரியில் பெருக்கிக் கடைசியில் மட்டும் மீதி எடுப்பவர்கள் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள். ஒவ்வொரு பெருக்கலுக்கும் பிறகு மீதி எடுத்தாக வேண்டும்.

எதிர்மறை எண்களின் மீதியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். −4, 6, 5 என்ற அணியில், 3 ஆல் மீதியின்றி வகுபடும் கூட்டுத்தொகை கொண்ட தொடர்ச்சியான துணையணிகள் எத்தனை? வழக்கமான முறை, தொடக்கத்திலிருந்து சேர்த்துக்கொண்டே வரும் கூட்டுத்தொகைகளை எடுத்து, ஒரே மீதி கொண்ட இணைகளை எண்ணுவது. அந்தக் கூட்டுத்தொகைகள் 0, −4, 2, 7. பைத்தானில் இவற்றின் மீதிகள் 0, 2, 2, 1 என்று வரும். ஓர் இணை கிடைக்கிறது, விடை 1. சி++, ஜாவா ஆகியவற்றில் −4-இன் மீதி −1 என்று வருவதால் மீதிகள் 0, −1, 2, 1 ஆகின்றன. இணையே இல்லை, விடை 0. நடுவில் தனியாக நிற்கும் 6 என்ற உறுப்பே 3 ஆல் வகுபடுகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது, நிரலுக்குத் தெரியவில்லை. மீதி எடுத்ததும் வகுத்தியைக் கூட்டி மறுபடி மீதி எடுத்தால் இது சரியாகிவிடும். இரண்டு மீதிகளைக் கழிக்கும்போதும் இதே ஒழுங்கு வேண்டும். கூட்டுத்தொகை வரிசையின் முதலில் நிற்கும் அந்த 0-ஐ எண்ணிக்கையில் சேர்க்க மறப்பதும் இங்கே அடிக்கடி நடக்கும். மறந்தால், அணியின் முதல் உறுப்பிலிருந்தே தொடங்கும் துணையணிகள் எல்லாம் விடுபட்டுப்போகும்.

மீதிகளை வகுக்கவும் முடியாது. 10^9 + 7 ஆல் மீதி எடுத்த ஒரு மதிப்பை 2 ஆல் வகுக்க வேண்டுமென்றால், நேரடி வகுத்தலுக்குப் பதிலாக 2-இன் பெருக்கல் நேர்மாறை, அதாவது 2-ஆல் பெருக்கினால் மீதி 1 வரும் எண்ணைக் கண்டு அதனால் பெருக்க வேண்டும். வகுத்தி பகா எண் என்பதால், ஃபெர்மாவின் சிறு தேற்றத்தின்படி 2-ஐ 10^9 + 5 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் அந்த நேர்மாறு கிடைக்கும்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட ஆழமான தவறாக எனக்குப் படுவது, மீதிகளை ஒப்பிடுவது. ‘மிகப் பெரிய பெருக்கற்பலனைக் கண்டு அதன் மீதியைத் தருக’ என்ற புதிரில், ஒவ்வொரு அடியிலும் மீதியை எடுத்துவிட்டு, எது பெரியது என்று பார்க்கிறார்கள். 10^9 + 8-இன் மீதி 1, 5-இன் மீதி 5; இவற்றை ஒப்பிட்டால் 5 வெல்கிறது. மீதி எடுத்த கணமே எண்ணின் அளவு தொலைந்துவிடுகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது என்ற முடிவை முழு மதிப்பின் மீதோ, அது சாத்தியமில்லாதபோது மடக்கை (லாகரிதம்) போன்ற வேறோர் அளவின் மீதோ எடுத்துவிட்டு, மீதியைத் தனியாக உடன் சுமந்து வர வேண்டும்.

தசம எண்களும் பைத்தானும்

இரட்டைத் துல்லிய மிதப்புப் புள்ளி வகை 10^308 வரை போகிறதே, பெரிய எண்ணை அதில் வைத்தால் என்ன என்ற யோசனை ஒரு முறையாவது எல்லோருக்கும் வரும். வரம்பு பெரிதுதான், ஆனால் துல்லியம் 53 பிட் மட்டுமே; 9007199254740992-க்கு அடுத்த எண்ணை அதில் எழுதவே முடியாது. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண்கள் எல்லாம் இந்த வகைதான் என்பதால் அங்கே பெரிய முழு எண்களுக்கு ‘பிக்இன்ட்’ தேவை. வர்க்கமூலம் எடுக்கும்போது இது மறைமுகமாக வந்து சேரும்: 9999999999999999-இன் வர்க்கமூலத்தின் முழு எண் பகுதி 9,99,99,999 தான், ஆனால் பைத்தானின் சாதாரண வர்க்கமூலச் செயற்கூறைப் பயன்படுத்தி முழு எண்ணாக்கினால் 10,00,00,000 கிடைக்கிறது. உள்ளே போகும்போதே எண் 10^16 ஆக உருண்டுவிட்டதுதான் காரணம். 3.8 பதிப்பிலிருந்து பைத்தானில் இருக்கும் ‘ஐஸ்க்யூஆர்டி’ இதைச் சரியாகச் செய்கிறது.

பைத்தானில் முழு எண்களுக்கு வரம்பே இல்லை என்பதால் இந்தக் கட்டுரையில் பாதி அந்த மொழிக்காரர்களுக்குத் தேவையில்லை என்று தோன்றலாம். வரம்பு இல்லை, செலவு உண்டு. ஒரு லட்சம் இலக்கம் கொண்ட எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சேர்த்துக் கட்டினால், ஒவ்வோர் அடியிலும் அதுவரை சேர்ந்த முழு எண்ணும் பத்தால் பெருக்கப்படுகிறது. மொத்த வேலை இலக்கங்களின் எண்ணிக்கையின் வர்க்கமாக வளர்கிறது. மேலும், 3.11 பதிப்பிலிருந்து 4,300 இலக்கங்களுக்கு மேற்பட்ட சரத்தை (எழுத்துகளின் தொடரை) எண்ணாக்கவோ எண்ணைச் சரமாக்கவோ முயன்றால், வரம்பை நீங்கள் உயர்த்தாதவரை, பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும். பல நேரங்களில் அந்த எண்ணைக் கட்டவே தேவையில்லை: மீதி மட்டும் வேண்டுமென்றால், இடமிருந்து வலமாக ஒவ்வோர் இலக்கத்துக்கும் பழைய மீதியைப் பத்தால் பெருக்கி, இலக்கத்தைக் கூட்டி, மறுபடி மீதி எடுத்தால் போதும். வேறு மொழிகளில் இதை எழுதும்போது, அந்தப் பத்தால் பெருக்கலும் 32 பிட்டைத் தாண்டும் என்பதை மறக்கக் கூடாது.

எண்ணே அணியாகும்போது

64 பிட்டுக்கும் அடங்காத எண்களை இலக்க அணியாக வைத்துக் கையால் கூட்டிப் பெருக்குவது தனி வகைப் புதிர். கடைசி இலக்கத்தை அணியின் முதல் இடத்தில் வைப்பது வசதி. 999-உடன் 1-ஐக் கூட்டும்போது இறுதியில் மிஞ்சும் எடுத்துச்செல்லும் இலக்கத்துக்கு அணியின் வாலில் இடம் நீட்டிக்கொள்ளலாம். அந்த மிச்சத்தை மறந்தால் விடை 000. சரங்களாகவே வைத்து ஒப்பிட்டால் "9" என்பது "10"-ஐவிடப் பெரியதாகிவிடும் என்பதால், முன்னால் நிற்கும் பூச்சியங்களை நீக்கி, முதலில் நீளத்தையும் பிறகுதான் இலக்கங்களையும் ஒப்பிட வேண்டும்.

வேகத்துக்காக ஒரு கட்டத்தில் 9 இலக்கங்களாக, அதாவது 10^9 அடிமானத்தில் வைப்பவர்களுக்கு இரண்டு பொறிகள் காத்திருக்கின்றன. 1,00,00,00,005 என்ற எண் அப்போது 1, 5 என்று இரண்டு கட்டங்களில் இருக்கும். அப்படியே அச்சிட்டால் 15 என்று வரும். முதல் கட்டத்தைத் தவிர மற்றவை ஒவ்வொன்றையும் 9 இலக்கத்துக்குப் பூச்சியம் நிரப்பி அச்சிட வேண்டும். சிறிய சோதனைகளில் ஒரே கட்டம்தான் இருக்கும் என்பதால் இது அங்கே வெளிப்படாது. இரண்டாவது பெருக்கலில் வருகிறது: கட்டங்களின் பெருக்கற்பலன் ஏறக்குறைய 10^18 வரை போகும் என்பதால், குறியுள்ள 64 பிட் மாறியில் அப்படிப்பட்ட ஒன்பதைச் சேர்க்கலாம், பத்தாவது சேர்ந்தால் வழிந்துவிடும். ஒவ்வொரு பெருக்கலுக்கும் பிறகு எடுத்துச்செல்ல வேண்டியதை உடனே அடுத்த கட்டத்துக்கு நகர்த்துவதுதான் பாதுகாப்பு.

மெதுவான, எளிய தீர்வோடு ஆயிரக்கணக்கான சிறிய ரேண்டம் அணிகளை ஒப்பிட்டுச் சோதிப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் இங்கே பேசிய தவறுகளில் பலவற்றை அது காட்டிக்கொடுக்காது. சிறிய அணியில் நடுவில் பிறக்கும் எண்ணும் சிறியதாகவே இருக்கும். எல்லா உறுப்புகளும் உச்ச மதிப்பாக ஒன்று, எல்லாம் எதிர்மறை உச்சமாக ஒன்று, எல்லாம் ஒரே மதிப்பாக முழு நீளத்தில் ஒன்று என மூன்று சோதனைகளையாவது கையால் உருவாக்கி ஓட்ட வேண்டும். ஜாவாவில் சந்தேகமான பெருக்கலைத் தற்காலிகமாக ‘மல்டிப்ளைஎக்ஸாக்ட்’ கொண்டு எழுதினால் வரம்பு தாண்டும் கணத்தில் அது பிழை எறியும்; சி++ எழுதுபவர்கள் ஜிசிசி, கிளாங் ஆகிய கம்பைலர்களில் உள்ள ‘அன்டிஃபைன்ட்’ சானிடைசர் என்ற பிழை கண்டறியும் வசதியை இயக்கிக் கம்பைல் செய்து இந்த மூன்று அணிகளையும் கொடுத்தால், எந்த வரியில் எந்த இரண்டு எண்கள் சேர்ந்து வழிந்தன என்பதை அதுவே அச்சிட்டுக் காட்டும்.