பள்ளியில் சிகரெட் சர்வே எடுக்கப் போகிறீர்களா? முதலில் வாத்தியாரை வெளியே அனுப்புங்கள்

எம்.எஸ்.டபிள்யூ., நர்சிங், பி.எட். படிப்பவர்கள் ப்ராஜெக்டுக்கு அடிக்கடி எடுக்கும் தலைப்பு இது. ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகளில் எத்தனை பேர் சிகரெட் பிடிக்கிறார்கள்? கேள்வி எழுதுவது சுலபம். ஆனால் மாட்டிக்கொள்ள மாட்டோம் என்று பையன் நம்பாவிட்டால் எல்லாரும் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள், நீங்களும் 'பழக்கம் மிகக் குறைவு' என்று முடிவு எழுதிவிடுவீர்கள்.

கேள்வித்தாளைப் புதிதாகத் தயாரிக்க மெனக்கெட வேண்டாம். உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்காவின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசியும் 1999-இல் தொடங்கி, பல நாடுகளில் 13-15 வயது மாணவர்களிடம் நடத்திய இளையோர் புகையிலை ஆய்வின் கேள்விகளையே எடுத்துக்கொள்ளலாம். 'நீ சிகரெட் பிடிப்பவனா?' என்று மொட்டையாகக் கேட்டால், எப்போதாவது நண்பனிடம் வாங்கி இழுப்பவன் 'நான் என்ன தம் அடிக்கிறவனா' என்று நினைத்து இல்லை என்பான். அதனால் 'ஒன்றிரண்டு இழுப்பாவது இழுத்துப் பார்த்ததுண்டா?', 'கடந்த 30 நாளில் எத்தனை நாள் பிடித்தாய்?' என்று கேளுங்கள். இரண்டாவதற்கு ஒரு நாள் என்று சொன்னாலும் அவன் தற்போது பிடிப்பவன் கணக்கில்தான் வருவான்.

சிகரெட்டோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த ஆய்வு 2019-இல் இந்தியாவில் நடந்த சுற்றில் ஏதோ ஒரு வகைப் புகையிலையைப் பயன்படுத்தியவர்கள் 8.5 சதவீதம், அதில் சிகரெட் 2.6 சதவீதம்தான். பீடி 2.1, வாயில் போடுகிற வகைகள் 4.1. ஹான்ஸ், கூல் லிப் என்று பிள்ளைகள் சொல்லும் பெயரையே போடுங்கள், 'புகையற்ற புகையிலை' என்றால் பத்தாவது படிப்பவனுக்கு என்ன புரியும்?

இனி, பலர் கோட்டை விடும் இடம். 'இல்லை என்றால் 20-வது கேள்விக்குப் போகவும்' என்று எழுதவே எழுதாதீர்கள். மற்றவர்கள் ஐந்து நிமிடத்தில் பேனாவை மூடி வைத்திருக்க, ஒருத்தன் மட்டும் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தால் வகுப்புக்கே தெரிந்துவிடும். அந்த இளையோர் ஆய்வில் பிடிப்பவர்களுக்கு மட்டும் பொருந்தும் கேள்விகளில் 'நான் பிடித்ததே இல்லை' என்பது போன்ற ஒரு விடையைச் சேர்த்திருப்பார்கள், எல்லாரும் எல்லாக் கேள்விக்கும் பதில் போடுவார்கள், எல்லாரும் ஏறக்குறைய ஒன்றாக முடிப்பார்கள். எழுதிப் பதில் சொல்லும் கேள்வியும் வேண்டாம், கையெழுத்தை வைத்தே கிளாஸ் டீச்சர் கண்டுபிடித்துவிடுவார். பெயர், ரோல் நம்பர் கூடாது. ஆசிரியர் அறைக்குள் இருக்கக் கூடாது, கதவருகே 'சும்மா' நிற்பதும் கூடாது. தாளை லீடர் வாங்கி அடுக்கவும் கூடாது, மூடிய பெட்டியில் அவரவரே போடட்டும்.

அதிகப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு அதிக வாய்ப்பு கிடைக்கும்படி பள்ளிகளைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, பிறகு வகுப்புகளைக் குலுக்கல் போட்டு எடுங்கள். தலைமையாசிரியரிடம் விட்டால் நன்றாகப் படிக்கிற செக்‌ஷனைத்தான் காட்டுவார், அது மனித இயல்பு. எத்தனை பேர் தேவை? 8.5 சதவீதத்தை வைத்து, கூடக்குறைய 2 சதவீதத்துக்குள் விடை வேண்டுமென்றால் சுமார் 750 பேர். வகுப்பு வகுப்பாக எடுப்பதால், ஒரே வகுப்புப் பிள்ளைகளின் பழக்கம் ஒன்றுபோல இருக்க வாய்ப்பு உண்டு என்று அதை இரட்டிப்பாக்கி 1500 என்று வைப்பது வழக்கம். அன்றைக்கு வராதவர்களையும் குறித்து வையுங்கள், கட் அடிக்கிற பையன்களிடம் பழக்கம் கூடுதலாக இருக்கலாம்.

அனுமதி விஷயம் அலுப்பானது, ஆனால் தவிர்க்க முடியாது. கல்லூரி நெறிமுறைக் குழு, முதன்மைக் கல்வி அலுவலர், தலைமையாசிரியர், பெற்றோர், கடைசியில் பிள்ளையின் சம்மதம். விருப்பமில்லாதவன் வெற்றுத்தாளைப் பெட்டியில் போடலாம் என்று வகுப்பில் சத்தமாகவே சொல்லுங்கள்.

முடிந்ததும் புகையிலைப் பழக்கத்தைக் கைவிட உதவும் இலவச எண் 1800-11-2356 அச்சிட்ட சீட்டை எல்லாருக்கும் கொடுங்கள், தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் கொடுத்தால் திரும்பவும் காட்டிக்கொடுத்த மாதிரிதான்.

அப்புறம், 'எங்க ஸ்கூல்ல எத்தனை பேர் சார்?' என்று தலைமையாசிரியர் நிச்சயம் கேட்பார். பள்ளிவாரியாக, வகுப்புவாரியாக எதுவும் தர மாட்டோம் என்று அனுமதிக் கடிதத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். நான்கே பெண்கள் இருக்கிற வகுப்பில் 'பெண்களில் 25 சதவீதம்' என்று ஒரு வரி வெளியே போனால், நான்கு பேரும் விசாரணைக்கு நிற்க வேண்டியிருக்கும்.